சகலைக்கு மூன்று கோடு

போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், ஆண்கள் கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறைக்கும் நடுவே, 'உறவுப் பதிவுப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கியது. அதைப் படித்துவிட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது கல்யாணத் தகவல் நிலையம் என்று நம்பி உள்ளே வந்து, மகனுடைய படிப்பு, உயரம், வேலை எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்து எழுந்து போவார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பெண் அதுவரை குறுக்கே பேசமாட்டாள். கேட்டுக்கொள்வதில் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அவளுக்கு அலுவலகத்தில் 'ஆகையால்' என்று பெயர். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு வந்தவள். எதைச் சொன்னாலும் முதலில் காரணம், பிறகு ஓர் ஆகையால், பிறகு முடிவு. "லிஃப்ட் ஓடலை, ஆகையால் படியில வந்தேன், ஆகையால் அஞ்சு நிமிஷம் லேட்" என்பாள். மேலாளர் வாயைத் திறந்து, திட்டுவதற்கு இடம் கிடைக்காமல் மூடிக்கொள்வார்.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். கழகத்தில் எட்டாயிரம் ஊழியர்கள். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. அவர்களுடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் புள்ளிகள். கழகத்துக்குச் சாமான் விற்கிற கம்பெனிகளும் அவற்றின் பங்குதாரர்களும் புள்ளிகள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே கோடு. கோட்டின்மேல் ஒரு சொல்: 'மனைவி', 'தாய்', 'பங்குதாரர்', 'கையெழுத்திட்டவர்'. மொத்தத்தில், பூனை உருட்டி விளையாடிய நூல்கண்டு.

இந்த நூல்கண்டுக்கு விதி எழுதுவதுதான் ஆகையாலின் வித்தை. 'ஒருவர் இன்னொருவருக்கு மனைவி என்றால், அவர்கள் உறவினர்.' 'ஒருவர் உறவினர் என்றால், அவருடைய உறவினரும் உறவினர்.' இப்படி 'என்றால்' போட்டு எழுதிய விதிகள் முப்பத்தேழு. விதிகளைக் கொடுத்துவிட்டால் போதும். யாரும் எழுதி வைக்காத கோடுகளைக்கூட இயந்திரமே கண்டுபிடித்து இழுத்துவிடும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். 'ஏன்?' என்று கேட்டால், எந்தக் கோட்டினால், எந்த விதியினால் என்று வரி வரியாகக் காரணமும் சொல்லும். அவளுக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த ஏன்தான். மனிதர்களிடம் ஏன் என்று கேட்டு ஒழுங்கான பதில் வாங்கிய அனுபவம் அவளுக்குக் குறைவு.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்றால், இரண்டு வருஷத்துக்கு முன் டயர் வாங்கியதில் ஒரு ஊழல். வாங்கினவரும் விற்றவரும் மாமனார் மருமகன் என்று பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கழகத்தின் நிர்வாகக் குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. நீதிபதியம்மா ஒரே கூட்டத்தில் மூன்று தீர்மானம் போட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர், விற்கிறவருக்கு உறவினராக இருந்தால் இயந்திரம் அந்த ஒப்பந்தத்தை நிறுத்த வேண்டும். உறவினர் யார் என்பதை ஒரே இடத்தில் எழுதி, கழகம் முழுக்க அந்த ஒரே அர்த்தம்தான் செல்ல வேண்டும். பதிவில் ஒன்றுக்கொன்று முரணான செய்தி வந்தால், நடுவில் யார் கையும் படாமல் நேராகக் குழுவுக்கு அறிக்கை வர வேண்டும். நீதிபதியம்மா முப்பது வருஷம் சாட்சிகளைப் பார்த்தவர். யாரையும் நம்பும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்.

எவ்வளவு தூரத்து உறவு வரை உறவு என்பதில்தான் கொஞ்சம் தகராறு வந்தது. எல்லை எதுவும் வைக்காமல் ஆகையால் முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது, எட்டாயிரம் பேரில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு டிரைவரும் கண்டக்டரும் ஒன்பதாவது கோட்டில் பங்காளிகள் என்று தெரிந்து, இருவருமே புகார் கொடுத்தார்கள். கடைசியில், இரண்டு கோட்டுக்குக் குறையக் கூடாது, மூன்று கோடு வைத்துக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்தது.

ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர் கழகத்தின் இயக்குநர். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'நேர்மையார்'. எந்த மேடையில் ஏறினாலும் ஐந்தாவது வாக்கியத்துக்குள் நேர்மை வந்துவிடும். சில நாள் இரண்டாவது வாக்கியத்திலேயே வரும். அன்றும் ரிப்பனை வெட்டிவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் கூடப்பிறந்த தம்பியா இருந்தாலும் இந்த மெஷின் விடாது! நானும் விடமாட்டேன்!" என்று முழங்கினார். அவருக்குத் தம்பியே கிடையாது என்பது பதிவில் இருந்தது. ஆகையால் கை தட்டினாள்.

இத்தனையும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிற டெண்டர் வந்தது.

ஐந்து கம்பெனி விலை குறித்து அனுப்பியிருந்தன. இயக்குநர் ஓர் உறை ஆலையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். திரை சிவப்பாகிவிட்டது. அரை மணி நேரத்தில் ஆகையாலுக்கு அழைப்பு வந்தது.

இயக்குநர் அறையில் ஏ.சி. குளிர் அதிகம். அவருடைய பி.ஏ. காலை முதல் மாலை வரை கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பார். உத்தரவு பாதி வரும்போதே "சரிங்க சார்" சொல்லிவிடுகிற ஆள். மீதிப் பாதியில் என்ன வந்தது என்று அவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

"உங்க மெஷினுக்கு என்னம்மா கேடு?" என்றார் இயக்குநர். "கையெழுத்தே போட விடமாட்டேங்குது."

"ஏன்னு கேட்டீங்களா சார்?"

"நான் எதுக்கு மெஷினைக் கேட்கணும்? நீங்க சொல்லுங்க."

அவள் குனிந்து 'ஏன்' பொத்தானை அழுத்தினாள். நான்கு வரி வந்தது. படித்தாள். "உங்களுக்கு மனைவி இருக்காங்க, ஒரு கோடு. அவங்களுக்குக் கூடப்பிறந்த அக்கா இருக்காங்க, ரெண்டு கோடு. அந்த அக்காவுக்குக் கணவர், மூணு கோடு. அந்தக் கணவர் இந்த ஆலையோட பங்குதாரர். ஆகையால்..."

"சகலைம்மா! சகலை!" என்றார் அவர். "சகலை எல்லாம் ஒரு உறவா? நான் பொண்ணு எடுத்த வீட்டிலே அவரும் பொண்ணு எடுத்தார். அவ்வளவுதான். ஒரே கடையில ரெண்டு பேர் சட்டை வாங்கினா சொந்தமாயிடுவாங்களா?"

இதற்குப் பதில் சொன்னால் சட்டையையும் மனைவியையும் ஒப்பிட்டதாகிவிடும் என்று அவள் திரையில் இருந்ததை மறுபடி படித்தாள்.

"போர்டு என்ன சொல்லியிருக்கு? ரெண்டு கோட்டுக்குக் குறையக் கூடாதுன்னு. அப்ப ரெண்டாக்குங்க."

"சரிங்க சார்" என்றார் பி.ஏ., தன்னிடம் சொன்னதாக நினைத்து.

எழுத்தில் உத்தரவு கேட்டாள், கொடுத்தார்கள். மூன்றை இரண்டாக மாற்றினாள். மறுநாள் காலை இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அது மறுபடியும் சிவப்பு.

"இப்ப என்ன?"

"சகலை போயிட்டார் சார். ஆனா ஆலையில ரெண்டு பங்குதாரர். ஒண்ணு அவர், இன்னொண்ணு அவரோட சம்சாரம். உங்க மனைவியோட அக்கா. அவங்க ரெண்டாவது கோட்டிலயே இருக்காங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். இந்த மனுஷன் பொண்டாட்டி பேரில் பங்கு எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கெட்ட யோசனை வரும்போது சிலருக்கு முகம் அப்படித்தான் பிரகாசமாகிவிடுகிறது.

"போர்டு எத்தனை கோடுன்னுதானே சொல்லியிருக்கு? எந்தக் கோடுன்னு சொல்லலியே?"

"சொல்லல சார்."

"அப்ப கல்யாணக் கோட்டை எடுத்துடுங்க. இனிமே ரத்த சம்பந்தம் இருந்தாத்தான் உறவு. தாய், தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தவங்க. கல்யாணத்துல வந்ததெல்லாம் உறவில்லை, பிள்ளை வழியா சுத்திக்கிட்டு வந்தாலும் உறவில்லை. ரத்தம்தான் சார் ரத்தம்!" கடைசி வாக்கியத்தைப் பி.ஏ.வைப் பார்த்துச் சொன்னார். பி.ஏ. ஒப்புக்கொண்டார்.

ஆகையால் ஓர் அடி முன்னால் வந்தாள். "சார், 'உறவினர்'ங்கிற சொல் டெண்டருக்கு மட்டும் இல்ல. குடியிருப்பு கேட் அட்டை, மருத்துவ அட்டை, குடும்ப பஸ் பாஸ், சாவு லீவு, பிரசவ லீவு... பதினாலு இடத்துல அதே சொல்தான். கல்யாணக் கோட்டை எடுத்தா..."

"உங்க லாஜிக்கை என்கிட்ட காட்டாதீங்கம்மா. நான் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. தன் இடத்துக்குப் போய், பதினான்கு இடங்களையும் பட்டியல் போட்டு, என்னென்ன நடக்கும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். அது 'பார்த்தேன், உத்தரவுப்படி செய்க' என்ற குறிப்போடு பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. பார்த்தார், படிக்கவில்லை. அவள் கல்யாணக் கோட்டை எடுத்தாள். பதிவில் யார் யாருக்கு மனைவி என்பது அப்படியேதான் இருந்தது; அதை உறவு என்று சொல்கிற விதி மட்டும் போய்விட்டது. மாற்றம் மறுநாள் காலை ஆறு மணிக்கு அமலுக்கு வரும் என்று திரை சொன்னது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரே கையெழுத்தில் கழகத்தின் கல்யாணங்கள் அத்தனையும் செல்லாமல் போயின.

முதலில் அகப்பட்டவர் ஆகையாலின் வீட்டுக்காரர். தையல் மெஷின் பழுதுபார்க்கிற மனிதர், வம்புதும்புக்குப் போகாதவர். பால் வாங்க ஐந்தே முக்காலுக்குக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி வெளியே போனார். ஆறு ஐந்துக்குத் திரும்பி வந்து அட்டையை வைத்தார். கேட் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் நடைப்பயிற்சி முடித்த மனைவிமார்கள் சேர்ந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்துவந்த நர்ஸ் ஒருத்தி, கணவன் டிரைவர், சேர்ந்தாள். ஆறரைக்குள் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர்.

வாட்ச்மேன் பாவம், திரையில் வந்ததை வந்தபடி படித்தார். "உறவினர் இல்லைன்னு வருதும்மா."

"இருபது வருஷமா குப்பை கொட்டறேன்யா அந்த ஆளோட!" என்றாள் ஒருத்தி.

"நான் நம்பறேன்மா. மெஷின் நம்பமாட்டேங்குது."

வீட்டுக்காரர் ஆகையாலுக்குப் போன் செய்தார். "என்ன, நான் உனக்கு யாருமில்லையாமே?"

"ஆமாங்க. ஆறு மணியிலிருந்து."

"சொல்லியிருந்தா பால் வாங்க நீ போயிருப்பியே!"

அதில் நியாயம் இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய், வாட்ச்மேனிடம் பேசி, கேட்டைக் கயிற்றால் கட்டித் திறந்து வைக்கச் செய்தாள். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போன கையோடு கணவனிடம் விளக்கம் கேட்க ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம். ஒரு கண்டக்டர் மட்டும் வெளியே வந்து, இது நிரந்தரமா தற்காலிகமா என்று ஆவலாக விசாரித்துவிட்டுப் போனார்.

இயக்குநர் பங்களாவுக்குத் தனி வழி இருந்ததால் இந்தக் கூச்சல் எதுவும் அவர் காதில் விழவில்லை. ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்தார், விரலை வைத்தார், திரை பச்சையானது. உறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பி.ஏ.வுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அது பி.ஏ.வின் சர்வீஸில் முதல் டீ.

பதினோரு மணிக்கு இயக்குநரின் மனைவி கழக மருத்துவமனைக்குப் போனார். நான்கு நாளாகக் கடைவாய்ப்பல் வலி. பன்னிரண்டு மணிக்குப் பல்லைப் பிடுங்க நேரம் கொடுத்திருந்தார்கள். அட்டையை வாங்கிப் பார்த்த பெண், "உங்களுக்கு இங்க பார்க்க முடியாதும்மா, இயக்குநருக்கு நீங்க உறவினர் இல்லை" என்றாள். அந்த அம்மாள் வீங்கிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, வரிசையில் இருந்த முப்பது பேர் முன்னால், கணவனைக் கூப்பிட்டார். அவர் போனில் சொன்னது என்ன என்று யாருக்கும் தெரியாது. பேசி முடித்த பிறகு இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பி.ஏ. பார்த்தார்.

ஆகையாலைக் கூப்பிட்டார்கள். "பொண்டாட்டிகளை மட்டும் திரும்ப உள்ள சேருங்க" என்றார் இயக்குநர். குரலில் பழைய முழக்கம் இல்லை.

"சேர்த்தா அவங்க அக்காவும் வருவாங்க சார். ஒப்பந்தம் மறுபடி நிக்கும்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு உறவு, டெண்டருக்கு ஒரு உறவுன்னு ரெண்டா வையுங்க!"

"ஒரே அர்த்தம்தான் இருக்கணும்னு போர்டு தீர்மானம் சார். மாத்தணும்னா போர்டுதான் மாத்தணும்."

"அது வரைக்கும் பல்லு காத்திருக்குமா?" என்று கத்தினார். பிறகு பி.ஏ. பக்கம் திரும்பி, "தனி ஆளுக்குத் திருத்தம் செய்ய ஒரு ஃபாரம் இருக்குல்ல? அதுல என் சம்சாரத்தை உறவினர்னு போட்டு எடுத்துட்டு வாங்க. அரை மணி நேரத்துல..."

"சரிங்க சார்."

பி.ஏ. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஓடிவந்தார். மஃப்ளர் ஒரு பக்கம் தொங்கியது. "அக்கா, ஃபாரத்துல என்ன உறவுன்னு ஒரு பட்டியல் வருது. அதுல மனைவியே இல்லையே!"

"இல்ல. உறவில்லைன்னு நேத்து உத்தரவு. ஆகையால் பட்டியல்லயும் இல்ல."

"தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன், சகோதரி... இவ்வளவுதான் இருக்கு. எதைப் போடறது?"

"நான் எதையும் போடச் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போடறவர் சார். அவரைக் கேளுங்க."

"அவரையா? இப்பவா?" பி.ஏ. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். வயதுக்கும் பாலுக்கும் பொருந்துகிற மாதிரி அதில் ஒன்றுதான் இருந்தது. "மரியாதையாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

பன்னிரண்டு ஐந்துக்கு ஆகையாலின் திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. இயக்குநரின் கையெழுத்தோடு, அவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவே ஒரு புதுக் கோடு: 'சகோதரி'. பக்கத்திலேயே 'நிறுத்தி வை' என்று ஒரு பொத்தான். அதை அழுத்த அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஐந்து நிமிஷம் அவகாசமும் இருந்தது. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நின்ற வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். 'பார்த்தேன், உத்தரவுப்படி செய்க' என்ற குறிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

அவள் தயிர் சாதமோ எதுவோ சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இருபது நிமிஷத்தில், இயந்திரம் தன்பாட்டுக்கு யோசித்தது. கூடப்பிறந்தவருக்குக் கூடப்பிறந்தவர் எல்லாருக்கும் கூடப்பிறந்தவர் என்றது ஒன்பதாம் விதி. அதனால் மனைவியின் அக்கா இயக்குநருக்கு அக்காவானார். கூடப்பிறந்தவரின் தாய் நமக்கும் தாய் என்றது பதினோராம் விதி. மாமியார் அம்மாவானார். ஒருவருக்கு இரண்டு அம்மா இருக்க முடியாது என்றது இருபதாம் விதி, அது முரண். கூடப்பிறந்தவர்கள் கணவன் மனைவியாக இருக்க முடியாது என்றது இருபத்தோராம் விதி. அது இன்னும் பெரிய முரண். முரண் வந்தால் நடுவில் யார் கையும் படாமல் குழுவுக்குப் போக வேண்டும். போய்விட்டது.

பல் என்னவோ நல்லபடியாகப் பிடுங்கப்பட்டது.

மூன்றாம் நாள் நிர்வாகக் குழுக் கூட்டம். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஆகையாலையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். இயக்குநருக்கு எதற்குக் கூட்டம் என்று தெரியாது. பேருந்துகளின் நேர ஒழுங்கு பற்றி என்று நினைத்துப் புள்ளிவிவரம் கொண்டுவந்திருந்தார்.

நீதிபதியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில் அறிக்கையை வாசித்தார்.

"ஒன்று. இயக்குநரும் இந்த அம்மாளும் கணவன் மனைவி. ஆதாரம், திருமணப் பதிவு. இரண்டு. இயக்குநரும் இதே அம்மாளும் அண்ணன் தங்கை. ஆதாரம், இயக்குநர் கையெழுத்திட்ட திருத்தப் படிவம். மூன்று. இந்த அம்மாளின் அக்கா, இருக்கை உறை ஆலையின் பங்குதாரர். நான்கு. ஆகவே அவர் இயக்குநருக்கும் அக்கா. ஐந்து. ஆகவே இயக்குநர் தம் சொந்த அக்காவின் ஆலைக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆறாவதா ஒண்ணு இருக்கு. உங்களுக்கு ரெண்டு அம்மாவாம். அதை அப்புறம் பார்க்கலாம்."

யாரோ தண்ணீர் குடிக்கும்போது புரையேறியது.

"மெஷின் தப்புங்க மேடம்" என்றார் இயக்குநர். "டெக்னிக்கல் கோளாறு."

நீதிபதியம்மா சுவர் ஓரம் திரும்பினார். "மெஷின் தப்பாம்மா?"

ஆகையால் எழுந்து நின்றாள். "சொன்னதை வெச்சுத்தான் மேடம் அது யோசிக்கும். அதுவா எதையும் சேர்த்துக்காது."

"அப்ப சொன்னது யார்?"

"கையெழுத்து படிவத்துலயே இருக்கு மேடம்."

நீதிபதியம்மா இயக்குநரிடம் திரும்பினார். "ரொம்பச் சிக்கல் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இந்த அம்மா உங்க தங்கைன்னா, அந்த ஆலைக்காரி உங்க அக்கா. ஒப்பந்தம் செல்லாது. கல்யாணமும் செல்லாது. தங்கை இல்ல, மனைவிதான்னா, படிவத்துல பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆலைக்காரர் உங்க சகலை. எது?"

இயக்குநர் புள்ளிவிவரத் தாள்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினார். கதவருகே நின்ற பி.ஏ., வழக்கம்போல ஏதோ உத்தரவு வரப்போகிறது என்று வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"சகலைங்க மேடம்" என்றார் இயக்குநர் மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க, குறிப்பு எழுதறவங்களுக்குக் கேட்கணும்."

"சகலைதாங்க!"

"சகலை உறவா, உறவில்லையா?"

"உறவுதாங்க."

குறிப்பு எழுதுகிற பெண் நிதானமாக எழுதிக்கொண்டாள்.

ஒப்பந்தம் ரத்தானது. கல்யாணக் கோடு மறுபடி விதிக்குள் வந்தது. கோட்டு எண்ணிக்கையும் மூன்றுக்குத் திரும்பியது. எட்டாயிரம் குடும்பங்களும் பழையபடி குடும்பங்களாயின. வாட்ச்மேன் கயிற்றை அவிழ்த்தார். தற்காலிகமா என்று கேட்ட கண்டக்டர் மட்டும் கொஞ்சம் வாடிப்போயிருந்தார். இயக்குநர் உடல்நலக் காரணத்தால் விடுப்பில் போனார். இரண்டு மாதம் கழித்து அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்குத் தலைவரானார் என்று செய்தி வந்தது. அங்கே அவர் எடுக்கிற பாடம் 'பணியில் நேர்மை'. வகுப்பில் கூட்டம் அலைமோதுகிறது, ஆள் நன்றாகப் பேசுகிறார் என்றார்கள்.

விசாரணை அதோடு நிற்கவில்லை. குற்றம் என்று ஒன்று நடந்தால் யாராவது மாட்டவேண்டுமே. பி.ஏ. தமக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லி, அதை நம்பவும் வைத்துவிட்டார். மீதி இருந்தது ஆகையால். 'மனைவி இல்லாத பட்டியலை உருவாக்கிய தாங்கள், ஒருவர் அதில் சகோதரி என்று தேர்ந்தெடுக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகிக்காதது ஏன்?' என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதினைந்து நாளில் பதில் வேண்டும்.

அவள் ஊகித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றியும் யாருக்கும் தெரியவில்லை. நான்கு பக்கம் எழுதிக் கிழித்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. மகனுக்குப் பெண் தேடி வந்தவர் என்று நினைத்து அவள் நாற்காலியைக் காட்டினாள். வந்தவர் ஐம்பது வயது அம்மாள். எளிய பருத்திப் புடவை. ஒரு பக்கக் கன்னம் லேசாக உள்வாங்கியிருந்தது.

"நான் இயக்குநரோட சம்சாரம். முன்னாள் இயக்குநர்னு சொல்லணும்" என்றார். "அந்த ஃபாரத்தோட நகல் ஒண்ணு கிடைக்குமா? என் பேர் இருக்கிறதால எனக்குக் கேட்க உரிமை உண்டாம். விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

உரிமை உண்டுதான். ஆகையால் நகல் எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் நகலைக் கண்ணருகே கொண்டுபோய், கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"படிக்காம கையெழுத்துப் போடறது அவர் வழக்கம். கல்யாண ரிஜிஸ்டர்லயும் இப்படித்தான், போன்ல பேசிட்டே போட்டார்." பிறகு நிமிர்ந்தார். "இது உள்ள போகும்போது நீங்க பார்த்தீங்களா?"

கடந்த ஒன்பது நாளில் இதை நேராகக் கேட்ட முதல் ஆள். ஆகையாலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பார்த்தேம்மா."

"நிறுத்தியிருக்கலாமா?"

"நிறுத்தியிருக்கலாம்."

அவள் காரணம் சொல்ல வாயெடுத்தாள். பசித்தது என்று சொல்ல நினைத்தாள். அது காரணமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. "மன்னிச்சுடுங்க. உங்க பேரைத்தான் ஊர் முழுக்கச் சிரிச்சாங்க."

"என் அக்கா இன்னும் என்கிட்ட பேசலை. சகலை ரெண்டு பேரும் பேசிக்கறாங்க, அதுல குறைச்சல் இல்ல." அந்த அம்மாள் நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "அந்தத் தங்கைக் கோடு இப்ப இருக்கா?"

"அன்னிக்கே எடுத்தாச்சும்மா."

"இன்னொண்ணு?"

"கல்யாணக் கோடா? அது இருக்கு."

"அதை எடுக்கறதுக்கு எந்த ஃபாரம்?"

விளையாட்டாகக் கேட்கிறாரா, வினையாகக் கேட்கிறாரா என்று ஆகையாலுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தாள், அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. "அது இங்க இல்லம்மா. கோர்ட்டுக்குப் போகணும்."

"காலையிலயா, மத்தியானமா? எப்ப போனா கூட்டம் கம்மி?"

"காலையில."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர், லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடவில்லை. படியில் மெதுவாக இறங்கும் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது. ஆகையால் நகல் எடுக்கும் மெஷினை அணைத்துவிட்டு, விளக்கக் கடிதத்துக்கு ஒரு புதுத் தாளை எடுத்து, முதல் வரியில் அந்தப் பொத்தானைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.